மழை ஊரில் டெக்சஸ் சேஜ்: வெள்ளி இலைச் செடியை அழுகாமல் வளர்ப்பது எப்படி

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் டெக்சஸ் சேஜ் வெயிலில் காய்ந்து சாவதில்லை, தண்ணீரில்தான் சாகிறது. நர்சரியில் திருநீறு பூசியதுபோல் வெளுத்து நின்ற செடி, வீட்டுக்கு வந்த இரண்டாவது மாதம் அடிப்பக்கத்து இலைகளை உதிர்க்கும். வாடியிருக்கிறதே என்று வீட்டில் உள்ளவர்கள் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவார்கள். அடுத்த வாரம் கிளை முழுவதும் பழுப்பாகிவிடும். நம் ஊரில் இந்தச் செடி வளர்ப்பது என்றால், வேரைச் சுற்றியுள்ள ஈரம் தேங்காமல் ஓட வழி செய்வதுதான். மற்ற வேலைகள் எல்லாம் அதற்கு அடுத்தபடி.

தாவரப் பெயர் லியூக்கோபில்லம் ஃப்ரூட்டெசென்ஸ். முதல் சொல்லுக்கு வெள்ளை இலை என்று பொருள். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துத் தெற்கு, தென்மேற்குப் பகுதிகளும் வட மெக்சிகோவும் இதன் தாயகம். 2005-இல் டெக்சஸ் இதைத் தன் மாநிலத்தின் மண்ணுக்குரிய புதர்ச்செடியாக அறிவித்தது. அங்கே ஸ்பானிய மொழி பேசுவோர் இதைச் செனிசோ என்பார்கள், சாம்பல் நிறத்தது என்ற பொருளில். பெயரில் சேஜ் இருந்தாலும் சமையலுக்குப் போடும் சேஜுக்கும் இதற்கும் உறவில்லை. அது துளசிக் குடும்பம், இது வேறு குடும்பம். ஆகவே இலையைப் பறித்துச் சமையலில் போட வேண்டாம்.

அந்த நிலத்தில் ஆண்டு மழை பெரும்பாலும் 250 முதல் 600 மில்லிமீட்டர்தான். மண் சுண்ணாம்பு கலந்தது, கல்லும் சரளையுமாக இருக்கும். நமக்கோ ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மண்ணும் களி, அதுவும் புளித்த மண். பிஎச் அளந்தால் பெரும்பாலும் 5-ஐ ஒட்டியே நிற்கும். மழையை நிறுத்த முடியாது. ஆனால் மண்ணை மாற்றலாம், இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டும் சரியாக அமைந்தால் இது உண்மையிலேயே முரட்டுச் செடி. வாரக்கணக்கில் கவனிக்காமல் விட்டாலும் நிற்கும்.

இலையின் வெள்ளி நிறம் சாயம் அல்ல, மயிர். ஓர் இலையைப் பறித்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், நுண்ணிய மரம்போல் கிளைத்த மயிர்கள் பஞ்சு மெத்தையாகப் பரவியிருப்பது தெரியும். எருக்கங் குருத்தைத் தொட்டுப் பழகிய விரலுக்கு அந்த மென்மை உடனே பிடிபடும். இந்த மெத்தை வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, இலையின் ஈரம் காற்றில் போகாமல் காக்கிறது. நிழலில் வைத்தால் புதிதாக வரும் இலைகளில் மயிர் குறையும், நிறம் பச்சைக்குத் திரும்பும். எனவே நுனி இலையைப் பார்த்தாலே வெயில் போதுமா என்று தெரிந்துவிடும். வெளுத்திருந்தால் போதும், பசுமையோடினால் இடம் மாற்ற வேண்டும். ஆனால் ஈர ஊரில் இந்த மயிருக்கு ஒரு கெட்ட பக்கமும் உண்டு. மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்று ஓடாத மூலையில் இருந்தால் இலை காய நேரமாகும், புள்ளி விழும்.

எங்கே வைப்பது

நாளொன்றுக்கு 6 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். நம் ஊரில் இதைக் கணக்கிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிற்பகலில் மேகம் கூடி இடி மழை வருவது கோலாலம்பூரின் வழக்கம். அதனால் மேற்கு பார்த்த பால்கனிக்கு 6 மணி நேர வெயில் என்று எண்ணினாலும், பல நாட்களில் பாதிகூடத் தேறாது. காலை வெயில் அப்படி ஏமாற்றுவதில்லை. கிழக்கும் மேற்கும் கைவசம் இருந்தால் கிழக்கையே எடுங்கள். வடக்கு, தெற்கு பார்த்த வீடுகளில் ஆண்டு பாதியாகப் பிரியும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், அக்டோபர் முதல் பிப்ரவரி வரை தெற்கே. வடக்கு பால்கனியில் ஜூன் மாதம் செழித்த செடி டிசம்பரில் நீண்டு தளர்ந்துபோக இதுவே காரணம். அந்த வீடுகளில் பூச்சட்டியைக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வையுங்கள், தரையிலிருந்து அரை அடி உயர்த்தினால் இன்னும் நல்லது.

சொல்லப்போனால், இந்தச் செடிக்கு நகரத்தில் மிகப் பொருத்தமான இடம் தோட்டமே அல்ல, கொண்டோ பால்கனிதான். மேல்மாடித் தளம் மழையைத் தடுக்கிறது, காற்று ஓயாமல் வீசுகிறது, தண்ணீரின் அளவு முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. பினாங்கில் கடலைப் பார்த்த மாடிகளிலும் வைக்கலாம். உப்புக்காற்றை ஓரளவு தாங்கும்.

தாமான் தொடர் வீடுகளில் வாசல் மதில் ஓரம் நல்ல இடம். ஆனால் போர்ச் கூரையின் விளிம்பிலிருந்து தண்ணீர் கொட்டும் கோடு ஒன்று இருக்குமே, அதற்கு நேர்கீழே மட்டும் வைக்காதீர்கள். பத்து நிமிட மழையில் கூரை முழுவதும் சேர்ந்த தண்ணீர் அந்தக் கோட்டில் விழுகிறது. வெயில் நன்றாக இருக்கிறது என்று பலரும் அங்கேதான் பூச்சட்டிகளை வரிசையாக அடுக்குகிறார்கள். இரண்டடி தள்ளி வைத்தால் போதும். பினாங்குக் கடைவீடுகளின் அஞ்சடி நடைபாதையில் வைப்பதும் சரிவராது. மழை படாது, ஆனால் வெயிலும் எட்டாது.

வாங்கும்போது

சுங்கை பூலோ நர்சரி வரிசையிலும், பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் உள்ள பெரிய நர்சரிகளிலும் டெக்சஸ் சேஜ் என்றே கேட்கலாம். பூவோடு நிற்கும் செடியைத் தேடிப்போக வேண்டாம். பூ இரண்டு வாரத்தில் உதிர்ந்துவிடும், வேர்தான் நிலைக்கும். கிளைகளை விலக்கி உள்ளே பாருங்கள். நடுவில் இலைகள் பழுத்துக் கருகியிருந்தால் அது ஏற்கனவே ஈரத்தில் தவித்த செடி. பூச்சட்டியைத் தூக்கிப் பாருங்கள். அளவுக்கு மீறிக் கனத்தால் ஊறிக் கிடக்கிறது. அடித்துளையில் மூக்கை வைத்தால் மண் வாசனை வர வேண்டும், சாக்கடை வாடை வரக்கூடாது. தண்டின் அடியை இரு விரலால் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். வேர் பிடித்த செடி மண்ணோடு சேர்ந்து அசையும், அழுகத் தொடங்கியது தனியாக ஆடும்.

இலை பச்சையாகவே இருக்கும் வகையும் விற்பனையில் உண்டு. அது நோயல்ல, கிரீன் கிளவுட் என்ற வகை. வெள்ளி இலைதான் வேண்டும் என்றால் வெயிலில் நிற்கும் செடியைப் பார்த்து எடுங்கள்.

வாங்கிய வாரத்திலேயே மண்ணை மாற்றிவிடுவது நல்லது. நர்சரிக் கலவையில் தேங்காய் நார்த்தூள் அதிகம். திறந்த வெயிலில் நாள்தோறும் நீர் தெளிக்கும் நர்சரிக்கு அது சரி. வீட்டில் அதே கலவை ஐந்தாறு நாள் ஈரம் விடாமல் பிடித்துக்கொள்ளும்.

பூச்சட்டியும் மண் கலவையும்

15 முதல் 18 சென்டிமீட்டர் நர்சரிப் பையில் இருக்கும் செடிக்கு அடுத்த சட்டி 25 முதல் 28 சென்டிமீட்டர் அகலம். பிற்பாடு வளரும்தானே என்று நேரே 40 சென்டிமீட்டருக்குப் போகாதீர்கள். வேர் எட்டாத மண்ணில் உள்ள நீரை உறிஞ்ச ஆளில்லை. அந்த ஈரம் அங்கேயே தங்கி, வேர் நீண்டு வரும்போது அழுக வைக்கும். மெருகு பூசாத மண்சட்டி சிறந்தது, பக்கவாட்டிலும் ஈரம் ஆவியாகும். பிளாஸ்டிக் என்றால் அடியில் குறைந்தது 5 துளை வேண்டும்.

28 சென்டிமீட்டர் சட்டிக்கு ஏறக்குறைய 10 லிட்டர் கலவை பிடிக்கும். அதற்கு அளவு இது: கரடு ஆற்று மணல் 4 லிட்டர், 5 முதல் 8 மில்லிமீட்டர் கருங்கல் சல்லி அல்லது உடைத்த செங்கல் 2.5 லிட்டர், சுட்ட மண் 2.5 லிட்டர், நன்கு மக்கிய தொழு உரம் 1 லிட்டர், டோலமைட் சுண்ணாம்புத்தூள் 25 கிராம். சுட்ட மண்ணை நர்சரியில் தானா பாக்கார் என்று கேட்டால் தருவார்கள். டோலமைட்டை உரக்கடையில் ஜி.எம்.எல். என்பார்கள், செம்பனைத் தோட்டத்துக்குப் போடும் அதே தூள்தான். மேசைக்கரண்டியால் குவித்து ஒன்று போட்டால் 25 கிராமுக்குப் பக்கமாக வரும்.

மணலில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். வீடு கட்ட மிஞ்சிய பூச்சு மணல் மாவுபோல் நுண்ணியது. அது இடைவெளிகளை அடைத்துச் சிமெண்ட்போல் இறுகும். ஒரு பிடி மணலைத் தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் குவளையில் போட்டுக் கலக்குங்கள். அரை நிமிடத்தில் தண்ணீர் தெளிந்தால் அது கரடு மணல். கலங்கியே நின்றால் மூன்று நான்கு தடவை அலசி, கொசுவலைத் துணியில் வடித்து, தங்கியதை மட்டும் எடுங்கள். பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரை மணலை அள்ளி வரும் யோசனையையும் விட்டுவிடுங்கள். உப்பும் உண்டு, குருணையும் சிறிது.

சட்டியின் அடியில் சரளைக்கல் பரப்பினால் நீர் வடியும் என்று காலம் காலமாகச் சொல்லி வருகிறோம். இது நேர்மாறான வேலையைச் செய்கிறது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள கல்லுக்குள் நீர் எளிதில் இறங்காது. மண் முழுக்க நிறைந்த பிறகுதான் சொட்டத் தொடங்கும். அதனால் கல்லுக்கு மேலுள்ள ஓரிரு அங்குல மண் எப்போதும் நனைந்தே இருக்கும். அடியில் இருக்க வேண்டிய ஈர மண்டலத்தைக் கல் போட்டு வேருக்குப் பக்கத்தில் தூக்கி வைப்பதுதான் மிச்சம். சல்லியைக் கலவை முழுவதும் கலந்துவிடுங்கள். துளையின் மேல் ஒரு துண்டு வலை போதும்.

நடும் முறை இப்படி. நடுவதற்கு முந்தைய நாள் செடிக்கு நீர் ஊற்ற வேண்டாம். பையைக் கிழித்து வேர்க்கட்டியை வாளித் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊற வைத்து, நார்த்தூளை விரலால் மெல்ல உதிர்த்து எடுங்கள். மூன்றில் இரண்டு பங்கு போனால் போதும். முழுக்கக் கழுவ முயன்றால் நுண்வேர்கள் அறும். வட்டமாகச் சுற்றிய வேரை நேராக்கி, கறுத்ததை வெட்டுங்கள். பிறகு கலவையைச் சட்டியில் மேடாகக் குவித்து, அதன்மேல் வேரைப் பரப்பி வைத்துச் சுற்றிலும் நிரப்புங்கள். தண்டும் வேரும் சேரும் கழுத்து, சட்டி விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது, சுற்றியுள்ள மண்ணைவிட ஒரு விரல் உயர்ந்தே இருக்க வேண்டும். கையால் அழுத்தி இறுக்காமல், சட்டியைத் தரையில் இரண்டு மூன்று முறை தட்டினால் மண் தானாக அமரும். ஒரு முறை நன்றாக நீர் ஊற்றி ஐந்து நாள் வெளிச்சமான நிழலில் வைத்து, பின் ஒரு வாரத்தில் படிப்படியாக முழு வெயிலுக்குக் கொண்டுபோகலாம்.

எல்லாம் அமர்ந்த பின் சோதனை: ஒரு லிட்டர் ஊற்றினால் அரை நிமிடத்துக்குள் அடித்துளையில் நீர் வர வேண்டும். மேலே குளமாக நின்றால் கலவை தப்பு, மறுபடி செய்யுங்கள். இப்போது செய்வது அழுகிய பிறகு செய்வதைவிட எளிது. சட்டியை மூன்று செங்கல் துண்டுகள்மேல் தூக்கி வையுங்கள். அடித்தட்டு வேண்டவே வேண்டாம். வேருக்கும் கேடு, ஏடிஸ் கொசுவுக்கும் தொட்டில். கொசு முட்டையிட இடம் கொடுத்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு.

தரையில் நடுவதென்றால்

முதலில் மண்ணைச் சோதியுங்கள். ஒரு முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி நீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி ஒரு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். 2.5 சென்டிமீட்டர்கூட இறங்காவிட்டால் அங்கே குழி வெட்டி நடுவதும், தொட்டிக்குள் செடியை மூழ்கடிப்பதும் ஒன்றுதான். குழிக்குள் நல்ல மணல் கலவையை நிரப்பினாலும் பயனில்லை. சுற்றிலும் உள்ள களிமண் சுவராக நிற்க, மழைநீர் முழுக்க அந்த இளகிய குழியைத் தேடி வந்து நிறையும். புதிய தாமான்களில் பெரும்பாலும் இதே நிலைதான். லோரியில் கொண்டுவந்து கொட்டி உருளையால் இறுக்கிய மண் அது.

எனவே மேடு கட்டுங்கள். அடிவட்டத்தின் விட்டம் 1.2 மீட்டர், நடு உயரம் 40 சென்டிமீட்டர். இதற்குக் கை வண்டியில் ஐந்து அல்லது ஆறு வண்டி கலவை ஆகும். சட்டிக்குச் சொன்ன விகிதமே போதும். மேட்டைக் குவிக்கும் முன் அடியில் உள்ள களிமண்ணைச் சங்குலால் 15 சென்டிமீட்டர் கொத்திக் கரடாக்குங்கள், அப்போதுதான் மேலும் கீழும் உள்ள மண் ஒட்டும். களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கலந்து சரிக்கட்டலாம் என்று எண்ண வேண்டாம், காய்ந்தால் செங்கல்லாகிவிடும். ஓரம் கட்டச் செங்கல் வைத்தால் இடையிடையே விரல் நுழையும் சந்து விடுங்கள். மேட்டின் சரிவு லோங்காங் வடிகால் பக்கம் போகட்டும். மதிலிலிருந்து 75 சென்டிமீட்டர் தள்ளி நடுங்கள். வேலியாக வைக்க விரும்பினால் செடிக்குச் செடி 1.2 மீட்டர் விடுங்கள். வறண்ட ஊர்களில் இன்னும் நெருக்கமாக நடலாம், இங்கே காற்றுக்கு அந்த இடம் வேண்டும்.

மேட்டின்மேல் மரத்தூள், காய்ந்த இலை, புல் எதையும் பரப்பாதீர்கள். மண்ணை மூட வேண்டுமென்றால் சல்லிக்கல் 3 சென்டிமீட்டர் கனத்துக்குப் போடலாம். அது மழைத்துளி மண்ணைத் தெறித்து இலையில் அடிப்பதையும் தடுக்கும். புல்தரைக்கு நாள்தோறும் நீர் தெளிக்கும் குழாயின் வீச்சுக்குள் இந்த மேடு வரக்கூடாது.

நடுவதற்கு ஏற்ற காலம் தைப்பூசத்தை ஒட்டிய வாரங்கள். ஜனவரி இறுதியும் பிப்ரவரியும் பினாங்கில் நன்றாக வறண்டிருக்கும், கோலாலம்பூரிலும் மழை குறைவு. கோலாலம்பூரில் ஜூன், ஜூலையும் பரவாயில்லை. தீபாவளி நெருங்கும் மழைக்காலத்தில் புதுச்செடி தரையில் வைப்பது வீண்.

தண்ணீர்

சாத்தே குச்சி ஒன்று எடுத்துச் சட்டியின் ஓரமாக 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் செருகிப் பத்து நிமிடம் விடுங்கள். எடுத்துப் பார்க்கையில் மண் ஒட்டியிருந்தாலோ மரம் கறுத்து நனைந்திருந்தாலோ நீர் வேண்டாம். குச்சி வெளிறி உலர்ந்து வந்தால் ஊற்றுங்கள், அடித்துளையில் ஓடும் வரை ஒரே தடவையில். தினமும் ஒரு குவளை என்ற பழக்கம் மேல்மண்ணை நனைத்தே வைத்து, வேரை மேலேயே தங்க வைக்கும்.

புதிதாக நட்ட முதல் மூன்று வாரம் மழையில்லாவிட்டால் மூன்று நாளுக்கு ஒரு முறை. அதன்பின் வெயில் பால்கனியில் வாரம் ஒரு முறை. தரை மேட்டில் வேரூன்றிய செடிக்கு இரண்டு வாரம் தொடர்ந்து மழையே இல்லாமல் போனால் மட்டும். இந்த நாள்கணக்கு ஒரு தோராயம்தான். குச்சி சொல்வதே முடிவு. தண்ணீரை அடியில் ஊற்றுங்கள், இலைமேல் தெளிக்க வேண்டாம், மாலையில் அறவே வேண்டாம். புகைமூட்டக் காலத்தில் இலையில் தூசும் சாம்பலும் படிந்தால் மட்டும், வெயிலுள்ள ஒரு காலையில் மெல்லிய நீரால் அலசிவிடலாம். துணியால் துடைக்காதீர்கள், மயிர் உதிர்ந்து அந்த இடம் பச்சைத் தழும்பாக நிற்கும்.

உரம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மெதுவாகக் கரையும் சமச்சீர் உரம் ஆண்டுக்கு இரண்டு முறை, 28 சென்டிமீட்டர் சட்டிக்கு ஒரு தேக்கரண்டி. கோழி எரு போடவே கூடாது. தழைச்சத்து கூடினால் தண்டு மென்மையாக நீண்டு சாயும், வெள்ளி மங்கும், பூவும் குறையும். டோலமைட் மட்டும் ஆண்டுக்கு ஒரு முறை சட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி, தரை மேட்டுக்கு 150 கிராம் தூவிக் கிளறிவிடுங்கள். மழை சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டே போகிறது.

கத்தரிப்பும் பூவும்

பூ மணி வடிவம், ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம், 2 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். தாயகத்தில் இதைக் காற்றழுத்தமானிச் செடி என்கிற பொருளில் அழைப்பார்கள். நீண்ட வறட்சிக்குப்பின் காற்றில் ஈரம் ஏறினால் புதர் முழுவதும் ஒரே நேரத்தில் பூக்கும். நம் ஊரில் காற்று எப்போதும் ஈரமாகவே இருப்பதால் அந்த வேறுபாடு செடிக்குத் தெரிவதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கும். பால்கனிக்காரர்கள் இதைச் சரிசெய்யலாம். நல்ல நிலையில் உள்ள செடிக்குப் பத்து முதல் பன்னிரண்டு நாள் நீரை நிறுத்துங்கள். நுனி இலைகள் லேசாகத் தளரும் வேளையில் ஒரு முறை முழுக்க நனையுங்கள். செடிக்குப் போதிய வெயில் இருந்தால் அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் மொட்டு கட்டும். புதிதாக நட்ட செடியில் இதைச் செய்ய வேண்டாம், ஆறு மாதமாவது ஆகட்டும்.

பூ முடிந்ததும் நுனிகளை மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் கத்தரியுங்கள். கிளைக்குக் கிளை வெவ்வேறு உயரத்தில், கணுவுக்குச் சற்று மேலே. பந்துபோல் உருட்டி வெட்டும் மோகம் நம் ஊரில் அதிகம். இந்தச் செடிக்கு அது பொருந்தாது. வெளிப்புறம் மட்டும் அடர்ந்து கூரைபோல் மூடும், உள்ளே காற்று நுழையாது, மொட்டு வரும் நுனிகளும் போய்விடும். அதைவிட முக்கியமான வெட்டு உள்ளே இருக்கிறது. ஒன்றோடொன்று உரசும் கிளை, தரையைத் தொடும் கிளை, காய்ந்த குச்சி ஆகியவற்றை அடியோடு எடுங்கள். நின்று பார்த்தால் புதரின் மறுபக்கத்து வெளிச்சம் ஆங்காங்கே தெரிய வேண்டும். இலையே இல்லாத பழைய கட்டை வரை ஒரேயடியாக வெட்டினால் ஈர ஊரில் பெரும்பாலும் துளிர்க்காது. கிழச்செடியைப் புதுப்பிக்க ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு கிளைகளாக மூன்று ஆண்டில் மாற்றுங்கள். மழை வராத இரண்டு நாள் பார்த்து வெட்டுவதும், கத்தரியை 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் துடைப்பதும் அவசியம்.

கெட்டுப்போகும் அறிகுறிகள்

மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடினால் அது தாகம் அல்ல, வேரழுகல். அழுகிய வேரால் நீரை இழுக்க முடியாததால் செடி காய்ந்ததுபோல் தோன்றுகிறது. உடனே சட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிர் நிறத்தில் விறைப்பாக இருக்கும். கெட்ட வேரை இரு விரலில் பிடித்து இழுத்தால் மேல்தோல் ஈர உறைபோல் கழன்று வந்துவிடும், உள்ளே நூல்போல் நரம்பு மட்டும் மிஞ்சும். பாதிக்கு மேல் இப்படி இருந்தால் செடி தேறுவது கடினம். நல்ல நுனிகளைப் பதியன் குச்சியாக எடுத்துக்கொள்வதே புத்தி. பாதிக்குக் குறைவென்றால் கெட்டதை வெட்டி, வேரைக் கழுவி, அரை நாள் நிழலில் உலர்த்தி, தொழு உரம் சேர்க்காத உலர் கலவையில் சிறிய சட்டியாகப் பார்த்து நடுங்கள். இழந்த வேருக்கு ஏற்ப மேலேயும் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். நான்கு நாள் கழித்துத்தான் முதல் தண்ணீர். பழைய கலவையைக் குப்பையில் போடுங்கள், வேறு செடிக்குப் போட வேண்டாம்.

அடுத்த எதிரி மாவுப்பூச்சி. செம்பருத்தியில் வந்தால் தூரத்திலேயே தெரியும் வெள்ளைப் பஞ்சு, வெள்ளி இலையில் கண்ணுக்கு அகப்படாது. அதனால் எறும்பைக் கவனியுங்கள். தண்டில் எறும்புச் சாரை ஏறி இறங்கினால் இலைக் காம்பின் அக்குளில் விரலால் தடவுங்கள். பிசுபிசுத்தால் பூச்சி இருக்கிறது. இலையில் கரிபோல் படலம் பூத்திருந்தால் அது நாளாகிவிட்டதற்கு அடையாளம். கொஞ்சமாக இருந்தால் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் தொட்டு எடுங்கள். பரவியிருந்தால் ஒரு லிட்டர் நீரில் 3 மில்லிலிட்டர் திரவ சோப்பு கலந்து காலையில் தெளித்து, பதினைந்து நிமிடத்தில் நல்ல நீரால் அலசுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று வாரம். மற்ற செடிகளுக்கு அடிக்கும் அளவு சோப்பும் வேப்பெண்ணெயும் இதற்கு அதிகம். மயிர் அதைப் பிடித்து வைத்து, வெயில் ஏறியதும் இலை கருகும். எண்ணெய் படிந்த இடத்தில் வெள்ளியும் போய்விடும்.

முதிர்ந்த தண்டின் பட்டையில் சாம்பல் பச்சைத் திட்டாகப் படிவது பாறைப்பாசி. அதைச் சுரண்ட வேண்டாம். செடிக்குத் தீங்கில்லை, காற்றோட்டம் குறைவு என்பதற்கு மட்டும் அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம்.

குச்சியில் புதுச் செடி

இரண்டு செடி கையிருப்பில் வைத்துக்கொள்வது இந்த ஊரில் தேவைதான். அரைமுற்றிய நுனியை எடுங்கள். வளைத்தால் பச்சையாக மடங்காமலும் கட்டையாகத் தெறிக்காமலும், பட்டை ஒட்டியபடி உடையும் பருவம். 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம், கணுவுக்குக் கீழே வெட்டு. கீழ் மூன்றில் இரண்டு பங்கு இலையை நீக்கி, அரை மணி நேரம் வெட்டுவாயை உலர விட்டு, வேர் ஊக்கித் தூளில் தொட்டு, பெர்லைட் என்னும் வெள்ளைப் பொரிக்கல் 3 பங்கும் கரடு மணல் 1 பங்கும் கலந்த துளையிட்ட கோப்பையில் செருகுங்கள்.

ரோஜாக் குச்சிக்குச் செய்வதுபோல் பிளாஸ்டிக் பை போட்டு மூடாதீர்கள். ஒரே வாரத்தில் இலைமயிரில் பூஞ்சை பிடித்துவிடும். மழை படாத, காற்றோடும் வெளிச்ச நிழலில் வைத்து, கலவை உலரும் தறுவாயில் மட்டும் அடியிலிருந்து நீர் ஏற விடுங்கள், பத்து நிமிடத்தில் வெளியே எடுத்துவிட வேண்டும். 4 முதல் 6 வாரத்தில் மெல்ல இழுத்தால் பிடிப்புத் தெரியும். பத்துக் குச்சியில் பாதி பிடித்தாலே நல்ல விளைச்சல், அதனால் கூடுதலாகவே வையுங்கள். புதுத்துளிர் ஓரங்குலம் வந்த பிறகு 10 சென்டிமீட்டர் சட்டிக்கு மாற்றி, அதே மணல் கலவையில், அதே சாத்தே குச்சிக் கணக்கில் தொடருங்கள்.

உங்கள் வாசல் எப்போதும் சேறாக நிற்கும் தாழ்வான இடம், மேடு கட்டவும் வழியில்லை என்றால் டெக்சஸ் சேஜைக் கட்டாயப்படுத்த வேண்டாம். வெள்ளி இலைதான் ஆசை என்றால் கொனோகார்ப்பஸ் எரெக்டஸ் செடியின் வெள்ளி வகை இருக்கிறது. அது அமெரிக்கக் கண்டத்துக் கடலோரச் சதுப்புகளின் ஓரத்தில் வளர்ந்து பழகியது, ஈரத்தையும் உப்பையும் ஒருசேரத் தாங்கும். வெட்டாமல் விட்டால் மரமாகும் என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கத்தரி வேண்டும். தண்ணீர்க் குழாய்க்கும் லோங்காங் சுவருக்கும் பக்கத்தில் மட்டும் நடாதீர்கள்.